காலிக் கிளாஸ் எல்லப்பன்

செய்தி வந்தபோது மணி மூன்று பத்து. 2008ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை. சிறுசேரியில், ஆறாவது மாடியில், கண்ணாடிச் சுவர் போட்ட அறையில் எட்டுப் பேரை உட்காரவைத்து, ஒரு புராஜெக்ட் ஏன் தாமதமாகிறது என்று ராஜாராம் விளக்கிக்கொண்டிருந்தான். மேஜைமேல் செல்போன் மூன்றாவது தடவை அதிர்ந்ததும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். மாமல்லபுரத்துக் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் வரவேற்பில் வேலை பார்க்கும் சுஜாதா பேசினாள்.

"சார், எல்லப்பன் அண்ணன் இறந்துட்டாரு. காலைல பார்ல கிளாஸ் அடுக்கிகினு இருந்தாரு, மார் வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு. கருங்குழிக்கு எடுத்துகினு போயிருக்காங்க."

ராஜாராம் உள்ளே போய் லேப்டாப்பை மூடினான்.

"என்னாச்சு? சொந்தக்காரங்களா?" என்று மேலதிகாரி கேட்டார்.

"இல்ல சார். எங்கூட சண்டை போட்டவர்" என்று சொல்லிவிட்டு லிஃப்டை நோக்கி நடந்தான்.

சொன்னது பொய்யில்லை. எல்லப்பன் அவனுக்கு யார் என்று சொல்வதானால் சண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தச் சண்டையோ எல்லப்பன் வருவதற்கு முன்பே மூண்டுவிட்டது.

2001இல் ராஜாராம் இணையத்தில் ஒரு மின்னஞ்சல் குழு ஆரம்பித்தான். 'மெட்ராஸ் மால்ட்ஸ்' என்று பெயர். ஸ்காட்லாந்து விஸ்கியில் பித்துப் பிடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்தார்கள். வெளிநாடு போய்வரும் நண்பன் விமான நிலையத்தில் ஒரு பாட்டில் வாங்கிவந்தால் அதை ஹோமியோபதி மருந்துப் புட்டிகளில் ஊற்றிப் பத்துப் பேர் பங்குபோட்டுக்கொள்வார்கள். பிறகு கூரியரில் வந்த முப்பது மில்லியை வைத்துக்கொண்டு நிறம் என்ன, மணம் என்ன, விழுங்கிய பிறகு தொண்டையில் நிற்பது என்ன என்று பக்கம் பக்கமாக எழுதி, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். குடிப்பது பத்து நிமிஷம் என்றால் எழுதுவது ஒரு மணி நேரம்.

இரண்டு வருஷத்தில் குழு இரண்டாக உடைந்தது. காரணம் கற்பூரம். ஸ்காட்லாந்தின் தீவுகளில் வடிக்கும் ஒரு விஸ்கியின் கடைசியில் கற்பூரம் மாதிரி ஒரு வாசனை எழுகிறது என்று ராஜாராம் எழுதினான். அடுத்த பாட்டிலிலும் அதைக் கண்டான். அதற்கடுத்ததிலும் கண்டான். கடல் காற்று பீப்பாய்க்குள் புகுந்து செய்கிற வேலை இது என்று ஒரு சித்தாந்தமே கட்டிவிட்டான். அவன் வீட்டுக்கு வந்து குடித்துப் பார்த்தவர்கள் ஆமாம், ஆமாம் என்றார்கள். செங்கல்பட்டில் கல்லூரி ஒன்றில் ரசாயனம் நடத்தும் சாரங்கபாணி மட்டும் ஒரே வரி எழுதினார்: "எனக்குக் கற்பூரம் வரவில்லை. உங்களுக்கு எங்கிருந்து வருகிறது?"

ஒன்பது நாள் யுத்தம். ஒருவர் மூக்கை ஒருவர் பழித்தார்கள். பத்தாம் நாள் சாரங்கபாணி எழுபது பேரைக் கூட்டிக்கொண்டு வெளியேறி 'கோரமண்டல் டிராம்' என்று தனிக்குழு வைத்தார். அதன்பிறகு அங்கே ஒரு பாட்டிலுக்குத் தொண்ணூறு விழுந்தால் இங்கே அதற்கு எழுபத்தெட்டு. அங்கே என்ன பேசுகிறார்கள் என்று பார்த்துவந்து சொல்ல இங்கிருந்து இரண்டு பேர் பொய்ப் பெயரில் சேர்ந்திருந்தார்கள். அங்கிருந்தும் இங்கே மூன்று பேர். ஆனாலும் சாரங்கபாணியின் மகள் மானசாவின் கல்யாணத்துக்கு மெட்ராஸ் மால்ட்ஸ் ஆட்கள் பாதிப்பேர் போய்ப் பந்தியில் உட்கார்ந்தார்கள். பாயசத்தில் பச்சைக் கற்பூரம் கொஞ்சம் தூக்கல். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சாரங்கபாணி மட்டும் பந்திக்குப் பந்தி வந்து, "பாயசம் எப்படி, ஏதாவது தெரியுதா?" என்று ராஜாராமைக் கேட்டுவிட்டுப் போனார்.

இந்தக் களேபரத்தின் நடுவே, 2004இல், 'காலிக் கிளாஸ்' என்ற பெயரில் ஒருவர் எழுத ஆரம்பித்தார். ஆங்கில எழுத்தில் தமிழ். நாலே வரி. "கிளாஸ் காலியாகி பன்னெண்டு மணி நேரம் கழிச்சி மோந்தது. மொதல்ல நெல்லு அவிக்கிற வாசனை. அப்புறம் சவுக்குச் சுள்ளி எரிஞ்ச பொகை. அடியில புது நோட்டுப் புஸ்தகம்." ருசியைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. மதிப்பெண் கிடையாது. வெனிலா, பேரிக்காய், தேன் என்று எழுதியே பழகியவர்களுக்கு இது புதுசு. இரண்டு குழுவும் அவரைத் தம்முடையவர் என்று கொண்டாடின. ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருக்கும் வயசான மனுஷனாக இருக்கும் என்று ராஜாராம் நினைத்துக்கொண்டிருந்தான்.

எல்லப்பன் எஸ்டேட்காரர் இல்லை. கருங்குழிப் பக்கத்துக் கிராமத்தில் இரண்டு ஏக்கர் கழனி உள்ள குடும்பம். பத்தாவது முடித்து, 1991இல் அந்த ரிசார்ட்டில் கிளாஸ் கழுவச் சேர்ந்தார். நாலு வருஷத்தில் பாரில் ஊற்றிக்கொடுக்கும் ஆளானார். சேர்ந்த மாதமே ஒரு தடவை, இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அரை மூடி வாயில் வைத்துப் பார்த்தாராம். குமட்டிக்கொண்டு வந்து, தோட்டத்துக்கு ஓடி வாந்தியெடுத்தார். அதோடு சரி. நாக்குக்கு வேண்டாம் என்று ஆனதை மூக்கு பிடித்துக்கொண்டது. ராத்திரி பார் மூடும்போது ஒவ்வொரு நல்ல சரக்குக்கும் ஒரு காலி கிளாஸைக் கழுவாமல் மேல்தட்டில் தனியே வைப்பார். காலை பத்து மணிக்கு வந்து ஒவ்வொன்றாக மோந்து பார்த்த பிறகுதான் கழுவப் போடுவார்.

பின்னாளில் ராஜாராம் ஏன் இப்படி என்று கேட்டபோது, "ராத்திரில அது வேசம் போட்டுகினு வரும் சார். காலைல வேசம் கலைஞ்சி, சும்மா ஒக்காந்துனு இருக்கும். அப்பதான் அது யாருன்னு தெரியும்" என்றார்.

வெள்ளைக்கார விருந்தாளி ஒருவர் இதைப் பார்த்து அதிசயப்பட்டு, இணையத்தில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மதியச் சாப்பாடு முடிந்து பார் திறப்பதற்குள் கிடைக்கும் நேரத்தில், வரவேற்பறைக் கம்ப்யூட்டரில் அவர் சொல்லச் சொல்ல சுஜாதா தட்டுவாள். "இன்னாண்ணே, அவிச்ச நெல்லுன்னா அவங்களுக்குப் புரியுமா?" என்பாள். "புரியலன்னா கேக்கட்டும். கழனிய காட்டுறேன்" என்பார்.

2005 டிசம்பரில் ராஜாராமின் ஆபீஸ் ஆட்கள் இருபது பேர் அந்த ரிசார்ட்டுக்கு உல்லாசப் பயணம் வந்தார்கள். ராஜாராம் தன் பாட்டிலையும், அடி பருத்து வாய் குறுகிய தன் நாலு கிளாஸ்களையும் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். பாரில் ஊற்றிக்கொடுத்த ஆளை அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த ஆளோ, வந்திருப்பது குழுவின் ராஜாராம்தான் என்று சுஜாதா சொல்லக் கேட்டு, மறுநாள் காலை அந்த நாலு கிளாஸையும் மோந்து பார்த்துவிட்டு, கழுவினார். கழுவிக் காய்ந்ததும் மறுபடி மோந்து பார்த்தார்.

அடுத்த வாரம் இரண்டு குழுவிலும் ஒரு கடிதம் வந்தது. "ராஜாராம் சார் மூணு வருசமா எழுதுற கற்பூரம் சரக்குல இல்ல. அவரு கிளாஸ்ல கீது. அது கற்பூரமும் இல்ல, பாச்சை உருண்டை. நான் கையில வாங்கி மோந்து பார்த்துதான் சொல்றேன். - காலிக் கிளாஸ்."

கோரமண்டல் டிராமில் தீபாவளி. "பாச்சை உருண்டை விஸ்கி எவ்வளவு சார் பாட்டில்?" என்று கேட்டு எழுபது கடிதம். தன் கிளாஸைக் கையில் வாங்கியவன் யார் என்று யோசிக்க ராஜாராமுக்கு இரண்டு நிமிஷம் பிடித்தது. ஒரு பார் சிப்பந்தி! 'காலிக் கிளாஸ்' பெயரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டுத்தான் மூச்சே விட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ரிசார்ட் மேனேஜருக்கும் ஒரு கடிதம் எழுதினான்: உங்கள் பாரில் வேலை பார்ப்பவர் விருந்தினர் மிச்சம் வைப்பதைக் குடிக்கிறார், அதை இணையத்தில் எழுதவும் செய்கிறார் என்று.

பார் வேலையில் இதைவிடக் கெட்ட பெயர் கிடையாது. எல்லப்பனை அன்றைக்கே பாரிலிருந்து எடுத்து நீச்சல் குளத்தில் துண்டு மடிக்க வைத்தார்கள். ஏன் வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று பதினைந்து நாளில் பதில் தரச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தார்கள்.

எல்லப்பன் பதில் எழுதவில்லை. சிறுசேரிக்கு பஸ் ஏறினார். முதல் நாள் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. இரண்டாம் நாளும் விடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, கம்பெனி பஸ்ஸுக்காக வெளியே வந்த ராஜாராமின் எதிரில் போய் நின்றார்.

"இன்னா சார், என்னைய தெரியுதா?"

தெரிந்தது. "எதுக்கு இங்க வந்த? எதுவா இருந்தாலும் உங்க மேனேஜர்கிட்ட பேசு."

"அவருகிட்ட இன்னா பேசறது? எழுதுனது நீங்க. பதினஞ்சு வருசமா பார்ல கீறேன். சேந்த மாசம் ஒரு தடவ வாய்ல வெச்சதோட சரி, அப்புறம் ஒரு சொட்டு நாக்குல படல. வேல போனா போவுது சார், துண்டு மடிச்சிகினு கூட பொழைச்சிக்குவேன். எல்லப்பன் எச்சில் சரக்கு குடிக்கிறான்னு கருங்குழில ஒருத்தன் சொல்லக்கூடாது. எம் பொண்ணுக்கு நாலு வருசத்துல மாப்ள பாக்கணும்."

"குடிக்காம அத்தனையும் எப்படி எழுதுவ?"

"அத்தான் நானும் சொல்றேன். வந்து பாருங்க. ரெண்டு கோஷ்டியும் வாங்க. நீங்களே ஊத்தி, நீங்களே குடிச்சிட்டு, காலி கிளாஸ குடுங்க. கைய பின்னால கட்டிகினு மோந்து சொல்றேன். ஒண்ணு தப்பா சொன்னாலும் நானே வேலைய வுட்டுட்டுப் போறேன். சரியா சொன்னா நீங்க மேனேஜருக்கு இன்னொரு லெட்டர் எழுதணும். ஒங்க கிளாஸையும் மறக்காம எடுத்துகினு வாங்க."

பஸ் வந்து, நின்று, போய்விட்டது. ராஜாராம் சரி என்றான். தோற்கப்போவது எல்லப்பன்தான் என்ற நம்பிக்கையில் சொன்ன சரி.

ஜனவரிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. ரிசார்ட்டின் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு குழுவிலிருந்தும் இருபத்தைந்து பேர் கூடியிருந்தார்கள். மேனேஜர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஏற்பாடு முழுக்க சாரங்கபாணி. முந்தின நாளே ஒரே வடிவத்தில் எட்டு கிளாஸ்களுக்கு நம்பர் ஒட்டி, ஊற்றிக் குடித்து, காயவைத்து, தன் அறையில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தார். எதில் எது என்பது அவர் சட்டைப் பையில் இருந்த காகிதத்துக்கு மட்டும் தெரியும்.

எல்லப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது ஷெர்ரி பீப்பா. ஒங்க பதினெட்டு வருசத்து சரக்கு." சாரங்கபாணி காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டினார். "இது தீவு. ஆஸ்பத்திரிப் பஞ்சு வருது பாருங்க." சரி. மூன்றாவது சரி. நாலாவது கிளாஸில் மூக்கை வைத்தவர் நிமிர்ந்து சிரித்தார். "இதுல ஒண்ணுமே ஊத்தல சார். இது பீரோ."

கூடம் அதிர்ந்தது. சாரங்கபாணி காகிதத்தை உயர்த்திக் காட்டினார். "நாலும் ஏழும் ராஜாராம் கிளாஸ். ஒரு சொட்டு ஊத்தல. வெறும் கிளாஸ்." பிறகு திரும்பி, "இப்ப சொல்லுய்யா, கிளாஸ எங்க வெச்சிருக்க நீ?" என்றார்.

ராஜாராம் நாலாம் நம்பர் கிளாஸை எடுத்துத் தானே மோந்து பார்த்தான்.

"சொல்லுய்யா!"

"பீரோவுல. என் வைஃப் மீராவோட பட்டுப்புடவைக்குப் பின்னால." வீட்டில் விஸ்கி என்ற சொல்லே கூடாது. அம்மா கண்ணில் படக்கூடாது; நண்பர்களைக் கூப்பிடுவதே அம்மா ஊருக்குப் போகும் நாட்களில்தான். ஐந்து வருஷமாக அந்த நாலு கிளாஸும் அங்கேதான் ஒளிந்திருந்தன.

"பாச்சை உருண்டை?"

"மூலைக்கு மூலை."

அவன் வீட்டுக்கு வந்து ஆமாம் போட்டவர்கள் எல்லாரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் அந்தக் கிளாஸ்களில்தான் ஊற்றிக் கொடுத்திருந்தான். சாரங்கபாணி கல்லூரி லேபில் வாங்கிய பீக்கரில் குடிக்கிறவர். அவருக்கு மட்டும் கற்பூரம் வராமல் போனதற்கு அதற்குமேல் மர்மம் இல்லை.

ஆனால் சோதனை முடியவில்லை. ஐந்தும் ஆறும் சரி. ஏழு மறுபடி பீரோ. எட்டாவது கிளாஸில் எல்லப்பன் வெகு நேரம் நின்றார். மோந்தார், விலகினார், மறுபடி மோந்தார். "மலைநாட்டு சரக்கு. பத்து வருசம்" என்றார்.

சாரங்கபாணியின் முகம் மாறியது. "இல்லப்பா." அது எந்த பாரிலும் கிடைக்கும் சாதாரணக் கலவை விஸ்கி. அந்த பாரிலேயே தினமும் அதிகம் விற்பது அதுதான்.

இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. ஏழுக்குச் சரி சொன்னவனை ஒன்றுக்காக விடுவதா என்று கோரமண்டல். பேச்சு பேச்சுதான் என்று மால்ட்ஸில் இரண்டு பேர். எல்லப்பன் யாரையும் பார்க்காமல் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். "தப்புதான் சார். ஒண்ணு தப்பா சொன்னாலும்னு நாந்தான் சொன்னேன்."

அப்போதுதான் மேனேஜர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "எல்லப்பா, தினம் நாப்பது பெக் ஊத்தறியே, அதை எப்படிய்யா தெரியாம போச்சு?"

"அத எல்லாரும் சோடாவும் கோலாவும் ஊத்திதான் சார் குடிப்பாங்க. வெறுமன ஊத்தி நான் மோந்ததே இல்ல. நல்ல சரக்கு கிளாஸத்தான் எடுத்து வெப்பேன்."

மேனேஜர் சிரித்தார். "முப்பது வருஷமா ஓட்டல்ல இருக்கேன். பார்ல திருடிக் குடிக்கறவன் மொதல்ல கை வைக்கறது இந்த பாட்டில்லதான். ஒரு பெக் கொறஞ்சா யாருக்கும் தெரியாது. அதுவும் ஒளிஞ்சி குடிக்கறவன் சோடா கலந்துகினா இருப்பான்? இவனுக்கு இது ஒண்ணுதான் தெரியல." ராஜாராமைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க சார்?"

ராஜாராமுக்கு ஒரு வழி இருந்தது. ஒன்று தப்பு, பேச்சு பேச்சுதான் என்று எழுந்து போயிருக்கலாம். அவனோடு போக ஆட்களும் இருந்தார்கள். அவன் வரவேற்பு மேஜைக்குப் போய் சுஜாதாவிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டான். நின்றபடியே எழுதினான்: நான் எழுதியது பொய். எல்லப்பன் குடிப்பதில்லை. கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்துவிட்டு, எல்லப்பன் கையிலிருந்த பெயர்ப் பட்டையை வாங்கி அவர் சட்டையில் தானே குத்தினான். கோணலாகப் போயிற்று.

"ஒரு ஜெராக்ஸ் எனக்கு குடுங்க சார்" என்றார் எல்லப்பன். "வேண்டாகிட்ட காட்டணும். நம்பவே மாட்டா." வேண்டா அவர் மனைவி.

அன்று மாலையே அவர் பெயர் குழுவில் திரும்பச் சேர்ந்தது. குழுக்கள் மட்டும் சேரவில்லை. கற்பூரம் போய், விஸ்கியில் தண்ணீர் சேர்க்கலாமா கூடாதா என்று அடுத்த சண்டை பிடித்துக்கொண்டார்கள். ஆனால் இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு வேலையை ராஜாராமிடம் ஒப்படைத்தன. எல்லப்பன் எழுதும் வாசனைகள் அண்ணாநகரிலும் அடையாறிலும் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. ஒவ்வொரு வாசனைக்கும் எதிரே அது எங்கே கிடைக்கும், எப்போது, எதுபோல இருக்கும் என்று விளக்கம் எழுதி ஒரு பட்டியல் செய்ய வேண்டும். இனி யாரும் இரவல் பேரிக்காயைப் பற்றி எழுத வேண்டியதில்லை என்றார் சாரங்கபாணி.

மாதம் ஒரு சனிக்கிழமை ராஜாராம் மாமல்லபுரம் போனான். 'நீ' எப்போது 'நீங்க' ஆயிற்று என்று அவனுக்கே தெரியாது. விளக்கம் சொல்ல எல்லப்பனுக்கு வராது. ஆளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டத்தான் வரும். ஏப்ரல் மாதத்தில் வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போனார். பறவைகள் போய்விட்டிருந்தன. ஏரி வற்றி, எச்சமும் சேறும் வெயிலில் வெந்துகொண்டிருந்தன.

"மோந்து பாருங்க சார். மூக்க புடிச்சிகினா எப்படி தெரியும்?"

"எல்லப்பன், இது விஸ்கியில வருதுன்னு எழுதினா ஒருத்தனும் குடிக்க மாட்டான்."

"எழுதுங்க சார் மொதல்ல. குடிக்கிறது அவன் பாடு."

ரிசார்ட்டிலிருந்து படகுத்துறைக்கு, நெல் அவிக்கும் மில்லுக்கு, சவுக்குத் தோப்புக்கு என்று இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. மொத்தம் அறுபத்துநாலு வாசனை.

அந்த வியாழக்கிழமை ராஜாராம் கருங்குழி போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை மணி. சாரங்கபாணி முன்னாலேயே வந்திருந்தார். இரண்டு குழுவிலிருந்தும் பத்துப் பதினைந்து பேர் வேலிப் படலோரம் நின்றார்கள். சாவுக்கு வந்திருந்த இரண்டு பேர் பீடி பற்றவைத்துக்கொண்டு பேசுவது காதில் விழுந்தது.

"பார்ல வேல. குடிச்சி குடிச்சி ஈரல் வெந்திருக்கும். வேற இன்னா?"

ராஜாராம் அவர்கள் எதிரில் போய் நின்றான். "அவர் குடிக்கமாட்டார்."

"நீ யாரு?"

"அவர் குடிக்கிறார்னு ஒரு தடவை பொய் சொன்னவன். எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

குரல் உயர்ந்துவிட்டது. பறை அடித்தவர்கள்கூட ஒரு நொடி நிறுத்தினார்கள். பந்தலுக்குள் பெண்கள் நடுவே உட்கார்ந்திருந்த வேண்டா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "அந்த சாரு சொல்றது நெசம்" என்றாள் உரக்க. பீடிக்காரர்கள் நகர்ந்து போனார்கள்.

திரும்பும் வழியில் சாரங்கபாணியும் ராஜாராமும் ஒரே காரில் வந்தார்கள். பதினாறாம் நாள் காரியத்தன்று, இரண்டு குழுவின் இணையப் பக்கத்திலும் ஒரே நேரத்தில் பட்டியல் வெளிவர வேண்டும், மேலே எல்லப்பன் பெயர் மட்டும் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ராஜாராம் பதினைந்து நாளும் ஆபீஸிலிருந்து வந்ததும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தான். சந்தேகம் வந்த இடங்களுக்கு மறுபடி நேரில் போனான். சொன்ன நாளில் பட்டியல் வந்தது.

அறுபத்துமூன்று வாசனைகளுக்கு விளக்கம் இருக்கிறது. நாற்பத்தேழாவது வரியில் 'செவ்வாக்கெழமை பஸ்' என்று எல்லப்பன் சொன்னபடியே இருக்கிறது. செவ்வாய் அவருக்கு வார விடுமுறை. மாமல்லபுரத்தில் ஏறி, செங்கல்பட்டில் மாறி, கருங்குழியில் இறங்குவார். எந்த பஸ், அதில் என்ன வாசனை என்று அடுத்த சனிக்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்று ராஜாராம் விட்டுவைத்திருந்தான். வேண்டாவுக்கும் தெரியவில்லை. எதிரே உள்ள கட்டத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.